மஞ்சள் பட்ட முட்டைகள்

இருக்கிறது. கொஞ்சம். இல்லை என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை.

பதுளை ஸ்டாண்டில் மொனராகலை பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் நீ ஜன்னலால் தலையை நீட்டி அதைக் கேட்டாய். "அம்மா, எங்க அத்த மேல இன்னும் கோவமா?" கமலா உன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கையை மட்டும் ஆட்டினேன். அதை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாயா, இல்லை என்று எடுத்துக்கொண்டாயா தெரியாது. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெண்டாட்டியோடு வேலைக்குப் புறப்படுகிற மகன் கடைசியாகக் கேட்கிற கேள்வி, பாம்பு முட்டையில் பால் ஊற்றிய மாமியாரைப் பற்றியது. வேறு வீட்டில் இது நடக்காது. நம் வீட்டில் நடந்ததில் எனக்கு வெட்கமில்லை.

இது உனக்கு எழுதுவது. யார் வாசித்தாலும் பரவாயில்லை. கமலாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் எழுதப் போகிறேன். அவற்றை நீ இந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தாய். இனி வெளியே இருக்கிறாய். நீ வேலைக்குப் போகிற கரும்புத் தோட்டத்து ஆபீசில், அந்தக் கந்தோரில் யாராவது, "ஒங்க அம்மா பாம்பு வளக்கிறாங்களாமே" என்று கேட்பார்கள். அதற்கு நீ என்ன சொல்வாய் என்பதில் எனக்கு அக்கறை இருக்கிறது.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். மலையில் கவ்வாத்து நடந்த மாதம். வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளும்போது உள்ளே குடியிருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். கவ்வாத்துக் கத்தி வைத்திருப்பவர்கள் பாம்பைக் கண்டால் வெட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். உன் அப்பா தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கலக்கிக் கொடுக்கும் அறையில், அந்த மருந்துக் காம்பராவில் மட்டும் சில பாம்புகள் போத்தலுக்குள் முழுசாக இருந்தன. கடிபட்டு வருகிறவர்கள் எது கடித்தது என்று கைகாட்டுவதற்காக. அந்தப் போத்தலுக்கென்று, கவ்வாத்துக்குப் போயிருந்த மாரிமுத்து ஒரு சாக்கோடு வாசலில் வந்து நின்றான்.

"டீச்சரம்மா, ஐயா இல்லீங்களா? போத்தலுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"செத்ததா?"

"உசிரோடதாங்க. கத்தியத் தூக்கிட்டேன். நெறத்தப் பாத்தேன், எறக்கிட்டேன்."

சிங்களவர்கள் கட்டகலுவா என்று சொல்கிற, விஷமில்லாத பாம்பு. சாதாரணமாகக் காய்ந்த மண்ணின் நிறம். முன்பாதி உடம்பில் வெளிறிய புள்ளிகள், பின்பாதியில் வால்வரை இரண்டு கறுப்புக் கோடுகள். கிட்டப் போனால் கழுத்தைப் புடைத்துக்கொண்டு எழும்பும், நாகமென்று பயந்து அடித்துவிடுவார்கள். சாக்கில் இருந்ததும் அதே ஜாதிதான். ஆனால் மண் நிறத்துக்குக் கீழே ஒரு சிவப்பு இருந்தது. மழை பெய்து நின்றதும் கூரை ஓட்டில் தெரிகிற சிவப்பு. அந்தக் கறுப்புக் கோடுகள் மட்டும் இல்லாமலிருந்தால் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தது. அந்த ஒரு நினைப்பு பதினைந்து வருடம் ஓடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சாக்கைத் திருப்பிக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அப்பா வந்து, "போத்தலக் கழுவி வச்சிட்டேன்" என்றார். "அதுல ஊறுகா போட்டுக்கலாம்" என்றேன். ஊறுகாய் போட்டோம். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஒரு வருடம் அந்த ஊறுகாயைத் தொடவில்லை.

பதுளை நூலகத்தில் புறா வளர்ப்பைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. பாம்பு வளர்ப்பதற்கு எந்தப் புத்தகமும் கிடைக்கவில்லை. ஆகவே புறா என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் பாம்பு என்று வாசித்தேன். விரும்பிய நிறத்தை அதே நிறத்தோடு சேர்க்க வேண்டும். பிறப்பதில் நல்லதை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதை விட்டுவிட வேண்டும். அது வளர்ந்த பிறகு மறுபடியும். புறாவுக்கு ஆறு மாதம் போதும். பாம்பு பருவத்துக்கு வர மூன்று வருடம். நான் முதலாம் வகுப்பில் அ எழுதப் பழக்கித் திருத்திய பிள்ளைகள் நான்காம் வகுப்புக்குப் போகும் நேரத்தில் எனக்கு ஒரே ஒரு தலைமுறைதான் கிடைத்தது. அதிலும் முதல் ஈட்டு முட்டைகளில் பிறந்தது முழுக்க மண் நிறம்.

தேயிலைப் பெட்டிகளுக்கு வலை அடித்தோம். அடியில் போட, தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து வருகிற கழிவுத் தேயிலையைக் காயவைத்தோம். ஆதியில் வந்த பெண் பாம்பின் வழியில் பிறந்தவை இருக்கும் பெட்டிக்கு என் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துக் கட்டினேன். பிறகு மலையில் பிடித்துத் தந்தவற்றின் வழிக்குப் பச்சை நூல். இந்த நூலை நினைவில் வைத்துக்கொள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

எலிக்குப் பஞ்சமில்லாத காலம் அது. தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து லயத்துப் பெண்கள் பொறியோடு வருவார்கள். "டீச்சரம்மா வூட்டுக்கு வந்தா எலிக்குக்கூட சோறு கெடைக்காது, எலிதான் சோறு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, உன் முகம் சுண்டிப்போகும். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த பெயர் எனக்குத் தெரியும். ஒரு நாள் சட்டைப் பொத்தான் இல்லாமல் வந்தாய்.

"பாம்பாட்டி மகன்னு சொன்னான்."

"அடிச்சியா?"

"அவன்தான் அடிச்சான்."

"பாம்பாட்டின்னா பாம்ப ஆட்டுவான். நாம ஆட்டுறமா?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "இல்ல. நம்ம பாம்பு சும்மாதான் படுத்திருக்கு" என்றாய். அடுத்த நாள் போய் அதையே அவனிடம் சொன்னதாகவும், அவன் குழம்பிப்போய் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதாகவும் வந்து சொன்னாய். அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது. இந்தக் கடிதம் நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகளில் நிறம் வந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஓடையோரக் காட்டில் கொண்டுபோய் விட்டோம். நீ கூட வந்தாய். டின்னைத் திறந்து விட்டதும் அவை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் இலைக்குள் நுழைந்தன. "அதுல ஒண்ணுக்கு மட்டும் ஏன் வூடு?" என்று கேட்டாய். நிறத்துக்காக என்று சொன்னேன். "நெறம் வராதது அதுகளோட கொறையா?" என்றாய். நான் காலி டின்னை மூடிக்கொண்டு முன்னால் நடந்தேன். தெரிந்தெடுப்பது என்றால் ஒன்றை எடுப்பது மட்டுமில்லை, மற்றதை விடுவதும்தான் என்று உனக்கு அந்தச் சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது. எனக்கு முப்பது வயது பிடித்தது.

ஆனாலும் நான் நிறுத்தவில்லை. ஏன் என்று பலர் கேட்டார்கள். விற்கவா? இல்லை. வித்தை காட்டவா? இல்லை. கும்பிடவா? அதுவும் இல்லை. இந்த மலையில் எந்தச் செடி நிற்க வேண்டும், எதைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்க வேண்டும், எந்தக் குடும்பத்துக்கு எந்தக் காம்பரா, யார் எந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதையெல்லாம் எப்போதும் வேறு யாரோ பார்த்துத் தீர்மானித்தார்கள். தோட்டத்தைத் துரை வைத்திருந்தபோதும் அப்படித்தான். அரசாங்கம் எடுத்த பிறகும் அப்படித்தான். இதற்கு நடுவில் ஒரே ஒரு நிறம். எவருக்கும் பயன்படாத நிறம். அதை நான் தீர்மானித்தேன். கந்தோரில் கேட்டால் இதைச் சொல். புரியாவிட்டால் பரவாயில்லை.

பஞ்ச வருடத்தை நீ மறக்க மாட்டாய். பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, மரவள்ளி கிடைத்த நாள் நல்ல நாள். லயத்தில் சிந்துவதற்குத் தானியமே இல்லை என்றதும் எலிகள் போய்விட்டன. பொறி கிழமைக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. மேசையில் மூன்று பேருக்கு ஒரு கிழங்கை வைத்துக்கொண்டு இருந்தபோது, "நம்ம பாம்பு எத்தன நாளைக்குப் பட்டினி கெடக்கும்?" என்று கேட்டாய். "நம்மள விடக் கூட" என்றார் அப்பா. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது, அது சிரிப்பினாலா என்று தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை நீ யாருக்கும் சொல்லாமல் பொறியைத் தூக்கிக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்து வயலுக்கு நடந்து போயிருக்கிறாய். கதிரடிக்கும் களத்தில் எலி பிடித்துத் தருவதாகச் சொன்னாயாம். அவர்கள் எலியையும் கொடுத்து, ஒரு கொத்து நெல்லும் கொடுத்து அனுப்பினார்கள். நீ வாசலில் இரண்டையும் வைத்துவிட்டு, "நெல்லு நமக்கு" என்றாய். எது யாருக்கு என்று குழப்பம் வந்துவிடக் கூடாதாம். அப்போது உனக்குப் பதினாறோ பதினேழோ. என் வகுப்பில் படித்த எந்தப் பிள்ளையைப் பற்றியும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அந்த வருடத்தைத் தாண்டி வந்தவைதான் கடைசி ஜோடி. பெண்ணுக்குச் செங்கல் நிறம், கோடு நூலளவுக்கு மெலிந்திருந்தது. ஆணுக்குக் கோடு பாதி வாலோடு நின்றுவிட்டது. இதற்கு முன் இப்படி இரண்டு ஒரே நேரத்தில் அமைந்ததில்லை. போன மாரியில் ஈரம் தாங்காமல் வாய்ப்புண் வந்து மற்றப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியானது உனக்குத் தெரியும். ஆணும் போயிற்று. ஆனால் அதற்கு முன் சேர்ந்திருந்தது. பெண் ஏழு முட்டை இட்டது. அதற்கும் வயதாகிவிட்டது, இனி இடாது. ஆகவே அந்த ஏழு முட்டைதான் எல்லாமே. பிஸ்கட் டின்னில் ஈரமான தேங்காய்த் தும்புத்தூள் போட்டு, முட்டைகளை இட்டபடியே வைத்து, மேல்பக்கம் எதுவென்று பென்சிலால் புள்ளி வைத்தேன். பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும். அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், சூடு படுகிற சுவர்த்தட்டில், சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

அப்போதுதான் உன் சம்பந்தம் வந்தது. நீ பசறை சந்தையில் கமலாவைப் பார்த்த கதையைத் தரகர் கொண்டுவந்த கதை மாதிரி ஆக்கி எங்களிடம் சொன்னாய். நாங்களும் நம்பின மாதிரி இருந்தோம். அவள் ஜாதகத்தில் நாக தோஷம், ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது என்று பிறகு நிஜமாகவே வந்த தரகர் குரலைத் தணித்துச் சொன்னார். நமக்கும் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, பாம்பு வளர்க்கிற வீடு என்று. அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். "அவுங்களுக்குப் பாம்பால சம்பந்தம் வரல்ல, நமக்கும் பாம்பால வரல்ல. சரியாத்தான இருக்கு?" தரகருக்கும் அது பிடித்துக்கொண்டது. பாம்பை அடிக்காத வீட்டில் பெண் வாழ்ந்தால் தோஷம் கழியும் என்று பசறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. நீ அந்தப் பெண்ணைப் பார்த்த விதம் பிடித்திருந்தது. அதனால் தடுக்கவில்லை.

நிச்சயதார்த்த வெள்ளிக்கிழமை நம் வீட்டில் நடந்ததைக் கமலா ஒரு மாதிரிச் சொல்லியிருப்பாள், அப்பா ஒரு மாதிரி. நான் என் பக்கத்தை எழுதுகிறேன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றி முடித்துவிட்டோம். பந்தி போட்டோம். சம்பந்தியம்மா, "பின்னால தண்ணி எங்கங்க?" என்று கேட்டார். கை கழுவத்தான் என்று நினைத்து அடுப்படிப் பக்கம் காட்டினேன். அவர் கூடையிலிருந்து சின்னச் செம்பை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் நாகருக்குப் பால். மகளுக்காக எத்தனையோ வெள்ளிக்கிழமை எத்தனையோ புற்றில் ஊற்றியிருப்பார். இந்த வீட்டில் வலை அடித்த பெட்டிகளைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அடுப்பின் சூட்டில், தட்டின் மேல், மூடியில் துளை போட்டு, சிவப்பு நூல் சுற்றிய டின் ஒன்று தனியாக இருந்திருக்கிறது. காப்பு நூல் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? திறந்தால் உள்ளே முட்டை. உடம்பு சிலிர்த்ததாகப் பிறகு சொன்னார். ஓரத்தில் மஞ்சளை வைத்து, செம்புப் பாலை முழுக்க ஊற்றிக் கும்பிட்டிருக்கிறார்.

நான் ரசத்துக்குப் போனபோது தட்டிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று டின்னைத் திறந்ததும் புரிந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடுவில் வந்து நின்றிருக்கிறேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சம்பந்தியம்மாவே, "நான்தாங்க. எங்க புள்ளைக்காக" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நல்லது செய்தவரின் நிம்மதி இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து அது போனது. சம்பந்தி இலையிலிருந்து கையை எடுத்தார். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. பதினைந்து வருடம் என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. சொல் தொண்டைவரை வந்தும்விட்டது.

கமலா எழும்பினாள். நிச்சயச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னா செய்யணும் அத்த? சொல்லுங்க" என்றாள். அவள் அதற்கு முன் பாம்பு முட்டையைக் கண்டதில்லை. அழவில்லை. தாயைக் கோபிக்கவுமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டாள். என்னை முந்திக்கொண்டு நீ சொன்னாய்.

"புரட்டாம புடிக்கணும். அந்தப் பென்சில் புள்ளி மேலயே இருக்கணும். நீ புடி, நான் தொடைக்கிறேன்."

"நிச்சயம் பண்ண அன்னைக்கே ரெண்டு பேரும் ஒண்ணா குந்துறதா?" என்று சம்பந்தி குரலை உயர்த்தினார்.

"மாமா, இந்த டின்ன செத்தப் புடிங்க" என்று நீ அதை அவர் கையில் கொடுத்தாய். அவர் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவு வந்தது போல. கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். ஏழு முட்டையும் முடியும்வரை அந்த மனிதர் அப்படியே நின்றார். சோற்றுக் கை காய்ந்துபோனது. அப்பா மருந்துக் காம்பராவிலிருந்து பஞ்சும் கொதித்தாறிய தண்ணீரும் கொண்டுவந்தார். நீ ஒவ்வொரு முட்டையாகப் பாலைத் துடைத்தாய். கமலா தன் வளையல் முட்டையில் படாமலிருக்க, அதை முழங்கைவரை ஏற்றிவிட்டுப் பிடித்திருந்தாள். நான் புதுத் தும்புத்தூளைச் சலித்துக்கொண்டே பார்த்தேன். என் பதினைந்து வருடத்தை இரண்டு பேர் கையில் வைத்திருந்தார்கள், நான் பக்கத்தில் போகவில்லை. போக வேண்டியிருக்கவில்லை. தொண்டையில் இருந்த சொல் எப்போது இறங்கியது என்று தெரியாது.

ஆகவே, கல்யாணத்துக்கு நான் அன்றைக்குத்தான் சம்மதித்தேன். தட்டு மாற்றியபோது இல்லை. அதற்கு ஒரு அரை மணி நேரம் பிந்தி.

பிறகு நான்கு முட்டைகள் நாறிப்போய் எறிந்ததை நீ பார்த்தாய். ஒன்று சுருங்கியது. கல்யாண வீட்டு வேலைக்கு நடுவில் நீ தினம் காலையில் டின்னைத் திறந்து பார்ப்பதும் திரும்ப மூடுவதும் எனக்குத் தெரியும். நீ பஸ் ஏறும்போது இரண்டுதான் மிச்சம். அவையும் செத்துவிட்டன என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்டாய். கோபமா என்று கேட்டால் முட்டையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது சொல்கிறேன். இரண்டும் வெடித்துவிட்டன.

நேற்றுக் காலை பள்ளிக்கூடம் போகுமுன் திறந்தேன். ஒன்று தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நான் பின்னேரம் வந்தபோது இரண்டுமே வெளியே வந்திருந்தன. ஒன்று மண் நிறம். கோடு, புள்ளி, எல்லாம் மலையில் சாதாரணமாகக் காண்கிற கட்டகலுவா மாதிரி. மற்றது சிவப்பு. நான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்திலிருந்து வால் நுனிவரை ஒரு கோடும் இல்லை. பென்சில் அளவு உடம்பை வைத்துக்கொண்டு கழுத்தைப் புடைத்து, என் கட்டைவிரலைக் கடித்தது. விட்டேன், கடிக்கட்டும் என்று. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "டீச்சர், செஞ்சிட்ட" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்று கேலிக்குத்தான் கூப்பிடுவார். நேற்றுக் கூப்பிட்டது கேலிக்கில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், அது எனக்குப் பிடிக்காவிட்டாலும். வெடித்த இரண்டும் ஓரத்தில் இருந்தவை. சம்பந்தியம்மா மஞ்சள் வைத்த ஓரம். ஓட்டில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது. மஞ்சள்தான் பூஞ்சணத்தை நிறுத்தியது என்று அப்பா சாதிக்கிறார், இருபத்தைந்து வருடம் மருந்து கலக்கிய மனிதர் என்ற உரிமையில். ஓரத்துக்குப் பால் குறைவாக வந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால்தான் கோபம் கொஞ்சம் என்று எழுதினேன். முழுக் கோபத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டார் அந்த அம்மா.

உனக்குப் புத்திமதி சொல்ல வேண்டிய இடம் இது. அதிகம் இல்லை. பாம்பு தோல் கழற்றும் முன் கண் வெளுத்து, நீலம் பாய்ந்து, சரியாகப் பார்வை தெரியாமல் இருக்கும். அந்த நாட்களில் தொட மாட்டோம், தண்ணீரை மட்டும் மாற்றுவோம். மனிதருக்கும் அப்படி நாட்கள் வரும், கண்ணில் தெரியாது. கமலாவுக்கு வரும், உனக்கும் வரும். வீடு மொனராகலை வெயிலில் வேறு இருக்கிறது. மற்றபடி, யாருக்கும் பயன்படாத ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய். எதுவென்று நான் சொல்ல மாட்டேன். நீயே தெரிந்தெடு.

சிவப்புக்குத் துணை அந்த மண் நிறத் தம்பிதான். இந்த முறை அதைக் காட்டில் விடவில்லை. புறாப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திரும்ப வாசித்தேன். மங்கலாகப் பிறந்ததன் உடம்புக்குள்ளும் அந்த நிறம் ஒளிந்திருக்கும் என்று அங்கே எழுதியிருந்தது. மூன்று வருடம் இருக்கிறது. ஓடையோரத்தில் நீ கேட்ட கேள்விக்கு இது பதிலாகுமா என்று யோசித்துப் பார்.

கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பசறைக்குப் போய் வந்தேன். சனிக்கிழமைதானே. சிவப்பைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த பெண், "பலகாரமாங்க?" என்று கேட்டாள். சம்பந்தி வீட்டுக்கு என்றேன். பொய்யில்லை.

சம்பந்தியம்மா என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். "சண்டைக்கு வந்திருக்கீங்களா?" என்றார். டின்னைத் திறந்து காட்டினேன். பின்னால் ஒரு அடி வைத்தவர், திரும்ப முன்னால் வந்து குனிந்தார்.

"அதுல பொழச்சதாங்க?"

"ஆமா."

"என்னா செவப்பு!" கை தானாகக் கூப்பியது. பிறகு என்னைப் பார்த்தார். "கும்புட்டா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?"

"கும்புடுங்க. ஒண்ணும் ஊத்தாதீங்க."

முதலில் அவர் சிரித்தாரா, நானா என்று தெரியவில்லை. "அப்ப இது என்னாதான் குடிக்கும்?" என்றார்.

"தண்ணி."

உள்ளே போய் ஒரு சோசரில் தண்ணீர் கொண்டுவந்து, எட்டத்திலிருந்தே டின்னுக்குள் இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வந்து குடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து, இனி யாரும் காப்பு நூலென்று நினைக்காதபடி பெட்டியிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன்.